குமாஸ்தாவின் புது நடை

மாமாவுக்கு வணக்கம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை தெளிவாக இருக்கிறதா? அத்தை சௌக்கியமா?

போன வாரம் படப்பிடிப்பில் படியில் சறுக்கி எனக்குக் கணுக்கால் லேசாகச் சுளுக்கிக்கொண்டது. இந்த மாதத்தோடு சீரியலில் என் குமாஸ்தா வேஷத்தை முடித்துவிட இருந்த டைரக்டர், நான் காலை இழுத்து நடப்பதைப் பார்த்து, "இந்த நடை நல்லாயிருக்கே சார், கதையிலயே வெச்சுக்கலாம்" என்றார். இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை உண்டு. கால் ஆறின பிறகும் நொண்டத்தான் வேண்டும்!

பதினோரு வருஷம் ஒற்றை வசனத்துக்கு அலைந்தவனை, ஒரு நாளும் முகம் சுளிக்காமல் வீட்டில் வைத்துத் தாங்கினீர்கள். மறக்க மாட்டேன்.

உங்கள் மகளிடம் மட்டும் இந்த நொண்டல் வெறும் நடிப்பென்றே சொல்லுங்கள்; அடிபட்டது தெரிந்தால் பயந்துவிடுவாள். தினமும் சீரியல் முடிந்ததும் போன் போட்டு என் நடிப்பில் குறை சொல்லுங்கள். படப்பிடிப்புக்காக வந்து தங்கியிருக்கும் இந்த ஊரில் "என்ன மாப்ளே" என்று கூப்பிட ஆளில்லை.

ஷாட்டுக்கு அழைக்கிறார்கள்.

உங்கள் மாப்பிள்ளை