காத்திருக்கச் சம்மதம்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. குடை காரிலேயே கிடந்தது. மோட்டர்வேயில் விபத்து, அறுவைக் கூடம் முழுக்க அவசரக் கேஸ். இன்று நாள் குறித்திருந்த நாலு பேருக்கு ஒப்பரேஷன் இல்லை. போன் செய்து சொல்வது என் வேலை. பதவியின் பெயர் என்னவோ நாள் குறிப்பவள்.

சிவபாலன் அண்ணைக்கு இது மூன்றாம் தடவை. விரி என்கிற புறநகரில் கிடங்கு வேலை, பாரம் தூக்கித் தூக்கிக் குடலிறக்கம். தண்ணீர்கூடக் குடிக்காமல், பையோடு வெளிக்கிட்டு நின்றிருக்கிறார்.

"பரவாயில்லை தங்கச்சி. எங்களை விட அவசரமான ஆக்கள் இருப்பினம்தானே. நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

மற்ற மூவரும் கத்தித் தீர்த்தார்கள். அண்ணையின் பெயருக்கு நேரே வழக்கம்போல் பதிந்தேன்: காத்திருக்கச் சம்மதம்.

வாங்க: பால், மகளுக்கு இருமல் மருந்து.

ஜூலை 10, வியாழன்

பட்டியல் கூட்டம். அடுத்த செவ்வாய்க்கு அண்ணையைப் போட்டிருந்தேன். ஒருவரைத் தள்ள வேண்டுமாம். மனேஜர் திரையைப் பார்த்தாள். "இவர் மூன்று தடவையும் சம்மதம் சொல்லியிருக்கிறாரே." எழுதியவள் பக்கத்திலேயே இருக்கிறேன். பாரம் தூக்குகிற மனிதர், வலி கூடியிருக்கும் என்றேன்.

"முறைப்பாடு செய்தாரா?"

இல்லை. ஓகஸ்ட்டுக்குத் தள்ளியாயிற்று. எங்கள் தமிழ் ஆக்களின் மரியாதைக்கு இந்த நாட்டில் இதுதான் பலன்.

அண்ணைக்குப் போன். "ஒருக்காச் சத்தம் போடுங்கோ அண்ணை. வலி எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ."

சிரித்தார். "உங்களுக்கேன் கரைச்சல்."

சம்மதம் என்ற அந்தப் பதிவின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கலாம், இவரை இனித் தள்ளாதீர்கள் என்று. மனேஜர் என்ன நினைப்பாளோ என்ற பயம். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். 

ஜூலை 11, வெள்ளி

நாள் முழுக்கப் போன். அந்த வரியை இன்றும் சேர்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

வெயில் இருந்தும் இந்த நாட்டு ஜூலைக்கே உரிய கடும் குளிர். அவசரப் பட்டியலில் முதல் பெயர் சிவபாலன். விடிகாலை ஷிப்டில் பெட்டி தூக்கும்போது விழுந்திருக்கிறார். குடல் சிக்கி அழுகத் தொடங்கிவிட்டது. ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில். பிழைப்பாரா தெரியாது. ஒரு மணி நேரத்தில் முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆள்.

அவருக்கு இடம் கொடுக்கப் பக்குரங்காப் பகுதி அம்மா ஒருவரைத் தள்ளினேன். போனில் ஏசினார். நன்றாக ஏசட்டும் என்றிருந்தது.

மதியம் லிப்ட் வாசலில் அண்ணையின் மனைவி. "போனில கதைக்கிற தங்கச்சி நீங்கள்தானே?" என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் எங்களுக்காகக் கதைச்சபடியாத்தான் இண்டைக்கு உடனே ஒப்பரேஷனுக்கு எடுத்தவை. சாகும்வரைக்கும் மறக்க மாட்டம்."

ஓம் என்றேன்.