எரிமலையில் பத்து நிமிடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்விரா எழுதுவது. நான் நலம். திகாலின் மாயன் கோபுரங்களில் நாள் முழுக்கப் பயணிகளோடு ஏறி இறங்கும் உங்கள் முழங்கால்கள் நலமா?

போன வாரம் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போனபோது எரிமலைச் சரிவில் சாம்பல் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பயப்படாதீர்கள், இப்போது சரியாகிவிட்டது. நடக்க முடியாத பயணிகளிடம் 'டாக்ஸி, டாக்ஸி' என்று கூவித் தன் குதிரையை வாடகைக்கு விடும் லெஞ்சோதான் என்னை அதில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

"கைடம்மாவே நம்ம டாக்ஸில ஏறிட்டாங்கப்பா" என்று வழியெல்லாம் ஊரைக் கூட்டினார்.

"அடிவாரம் இன்னும் எவ்வளவு தூரம்ணே?"

"பத்தே நிமிஷம்மா."

ஒன்றரை மணி நேரம் ஆனது. களைத்த பயணிகளிடம் நீங்களும் நானும் தினமும் அவிழ்த்துவிடும் அதே பொய். நானே நம்பிவிட்டேன்.

அம்மாவிடம் சுளுக்கைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அவள் இடிக்கும் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எதிலும் காரமே இல்லை.

அடுத்த பயணிக் கூட்டம் வந்துவிட்டது. நான் எப்போது வருவேன் என்று அம்மா கேட்டால், இன்னும் பத்தே நிமிடம் என்று சொல்லிவையுங்கள்.

உங்கள்
எல்விரா