நாற்காலி மாறி உட்கார்ந்த சாயங்காலம்

செல்லக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் நீ எங்கே வாயைத் திறந்து சொல்லப்போகிறாய். இங்கே காலையிலிருந்து தூறிக்கொண்டே இருக்கிறது, ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈரம், எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, எனக்கும் அரைத்தூக்கத்தில் மிதப்பது போலத்தான் இருக்கிறது, முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள். போன மாதம் போனில் நீயும் அப்பாவும் சண்டை போட்டதிலிருந்து, உன் பேச்சை எடுத்தாலே மனுஷர் எழுந்து போய்ச் செருப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். இனிமே கார் ஓட்டாதீங்கப்பா என்று நீ சொன்னது தப்பில்லை, சொன்ன விதம்தான், ஆபீசில் ஆளை வேலையை விட்டு நிறுத்துவது மாதிரி. சரி, அது போகட்டும்.

நம் குடியிருப்போர் மன்றத்தில் சனிக்கிழமைக் கூட்டத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன் என்று சொன்னேன் இல்லையா. தண்ணீர் வரி, பள்ளிக்கூட நேரம் என்று ஏதாவது பொது விஷயத்தை எடுத்துப் பேசுவோம். நடத்துகிறவர் கேள்வி கேட்கலாமே தவிரத் தன் கருத்தைச் சொல்லக் கூடாது, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். வேண்டும் என்கிறவர்கள் ஜன்னல் பக்கம், வேண்டாம் என்கிறவர்கள் கதவுப் பக்கம். பாதியில் நான் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, இதுவரை எதை மறுத்தார்களோ அதற்காகவே பேச வேண்டும். இந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ அடிதடி ஆகியிருக்கும்.

இந்த வாரம் எடுத்த விஷயம், வயசானவர்கள் வண்டி ஓட்ட வருஷா வருஷம் கண் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாமா என்பது. சத்தியமாக நான் எடுக்கவில்லை, பல் டாக்டர்தான் எடுத்தார், ஆனால் உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், நானும் நீயும் சேர்ந்து சதி செய்துவிட்டோமாம். கதவுப் பக்கம் முதல் நாற்காலியில் உட்கார்ந்து வெளுத்து வாங்கினார். என் கண்ணு, என் வண்டி, கவர்மெண்டுக்கு இதுல என்னங்க வேலை என்று அவர் மேஜையைத் தட்டியதில் தையல்கார அம்மாவின் டீ சிந்திவிட்டது. நான் மணி அடித்தேன்.

எல்லோரும் நாற்காலிகளை இழுத்துப் பக்கம் மாறி உட்கார்ந்தார்கள். வெளியே இன்றைக்குப் போலவே மழை. இப்போது அப்பா ஜன்னல் பக்கம். ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடியே, யாருக்கோ கதை சொல்வது போல மெல்ல ஆரம்பித்தார். சாயங்காலமானா எதிர்ல வர்ற விளக்கெல்லாம் பூப்பூவா விரியுதுங்க, பார்க்க அழகாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பூவுக்குள்ள ஆள் நடந்து வந்தா தெரியறதில்ல, அன்னைக்கு பேக்கரி முனையில ஒரு பொண்ணு குழந்தையை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தா, எப்படி பிரேக் போட்டேன்னு எனக்கே தெரியல, என் பொண்ணு கேட்டா எனக்குக் கோபம் வருது, ஏன்னா பதில் இல்ல. அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், என்னமா வாதாடறார் மனுஷர், நிஜம் மாதிரியே இருக்கு என்று பல் டாக்டர் சொன்னார். நான் மணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன், கூட்டத்தை முடித்துவைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் வாதாடவில்லை, கண்ணே.

வெளியே வந்ததும் கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். என் ஓட்டும் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே, குடை பிடித்து நடந்தவர்களெல்லாம் எங்களை முந்திப் போனார்கள். அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை, ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, நம்ம தெருவுல இவ்வளவு மரமா, எப்ப வச்சாங்க என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, வீடு வந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. இன்னொரு சுற்றுப் போகலாமா என்றேன், போ என்றார்.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான்தான் அப்பவே சொன்னேனே என்று தப்பித்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, மரத்தைப் பற்றிக் கேள். ஈரத்தலையோடு வெளியே போகாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. இதோ, பின்னால் வந்து நிற்கிறார், யாருக்கு எழுதுறே என்று கேட்கிறார், தெரியாதாம். அவ எப்ப வர்றாளாம், கூட்டிட்டு வர நீ ஓட்டு, நான் பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்றேன் என்கிறார்.

இருவரும் நிறைவாக இருங்கள் என்று வாழ்த்தும்,
உன் அம்மா, பக்கத்தில் அப்பாவும்