உங்கடை பேர் ஒட்டின போத்தல்

அப்பா,

அம்மா இண்டைக்குப் பீட்ரூட் வெட்டினவ. கழுவின தண்ணி சிவப்பா ஓடேக்கை எனக்கு நிண்டு பாக்கேலாமல் போச்சு. வெளியிலை வந்திட்டன்.

எங்கடை தோட்டத்துப் பீட்ரூட்டைக் கிழமையிலை நாலு நாள் சாப்பிட்ட ஆக்கள் நாங்கள். அதாலைதான் கக்கூசுக்குப் போகேக்கை சலம் சிவப்பாப் போனதை நீங்கள் கணக்கெடுக்கேல்லை. "பீட்ரூட் சாப்பிட்டால் அப்பிடித்தானடா" எண்டு சிரிச்சனீங்கள். நோவும் இல்லை. அம்மா பீட்ரூட் காய்ச்சுறதை விட்டும் நிறம் மாறேல்லை எண்டாப்பிறகுதான் டொக்டரிட்டைப் போனீங்கள்.

"சலப்பையின்ரை உள்தோலிலை இருந்து கலங்கள், அதுதான் செல்லுகள், உதிர்ந்து சலத்தோடை வரும். அதிலை பிழையான கலம் இருக்கோ எண்டு பாக்கவேணும்" எண்டு சொல்லி, உங்கடை பேர் ஒட்டின போத்தல் ஒண்டு தந்தவர். அடுத்த நாள் பங்குக் கிணத்திலை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற முறை எங்கடை. "நீ கொண்டுபோய்க் குடு மேனை" எண்டனீங்கள்.

பஸ்ஸிலை என்னோடை படிச்ச பெட்டை ஒருத்தி. நான் ஏ.எல். பாதியிலை விட்டவன், அவள் கம்பஸ் போறவள். "உதென்னடா பைக்குள்ளை?"

"பீட்ரூட் யூஸ், குடிக்க."

"கஞ்சன், எனக்கும் தாவன்!" எண்டு இழுத்து எடுத்தவள், ஒட்டியிருந்ததை வாசிச்சிட்டுக் கத்தினாள். "ஐயோ, உது சலமடா!" பஸ்ஸே சிரிச்சுது.

அடுத்த தரிப்பிலை குதிச்சு வாய்க்காலுக்குள்ளை ஊத்தினன். பிறகு வெறும் போத்தலோடை உங்களிட்டை வரப் பயம். ஆஸ்பத்திரிப் பைப்பிலை கழுவி, கக்கூசுக்குள்ளை போய் என்ரையை நிரப்பிக் குடுத்தன்.

பிழையான கலம் இல்லை எண்டு றிப்போட் வந்துது. "பாத்தியே, நான் சொன்னனான்தானே!" எண்டு அண்டைக்கு ரெண்டுதரம் பீட்ரூட் கறி கேட்டு வாங்கினீங்கள்.

ஆறு மாதத்தாலை சலம் அடைச்சுது. கமரா விட்டுப் பாத்த டொக்டர் சொன்னார்: "கான்சர் உள்தோலோடை நிக்கேக்கை வந்திருந்தால் சுரண்டி எடுத்திருக்கலாம். இப்ப தசைக்குள்ளை இறங்கீட்டுது." நீங்கள் என்னைப் பாக்கவே இல்லை. ஏன் பாக்கவேணும்? உங்களுக்கு என்ன தெரியும்?

வாட்டிலை பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்னனீங்கள்: "இவன் படிக்கேல்லைத்தான். ஆனா என்ரை சலத்தையே கூச்சப்படாமல் காவினவன்." நான் உங்களுக்குத் தோடம்பழம் உரிச்சுக்கொண்டிருந்தனான். நிமிராமல் உரிச்சன்.

உங்கடை செத்தவீட்டிலை மாமாவும் எல்லாருக்கும் அதையே சொன்னார். நான் "ஓம்" எண்டன்.

அந்த றிப்போட் இப்பவும் என்ரை பேர்சுக்குள்ளை கிடக்கு. பேர் உங்கடை. கலங்கள் என்ரை. அம்மா சாப்பிடக் கூப்பிடுறா. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.