முறம் மறைத்த வெளிச்சம்

காரவள்ளி, மலையடிவாரம்
பார்த்திப வருடம், தை 21, ஞாயிற்றுக்கிழமை
(3-2-1946), முற்பகல் 10.20

மடல் எண் 1. (இதற்கு முன் உமக்கு எழுத நேர்ந்ததில்லை, ஆகவே ஒன்று.)

அன்புள்ள நண்பருக்கு,

இன்று காலை உம் தம்பி மலைமேல் குண்டூர் நாட்டிலிருந்து இறங்கி வந்தார். நோய் ஓய்ந்தபின் மலையிலிருந்து வந்த முதல் ஆள் அவரே. உம் வீட்டு முறம் ஒன்றை என் கையில் கொடுத்தார். அதன் ஒரு பக்கம் கரிந்திருக்கிறது. தீய்ந்த மூங்கிலின் வாடை இன்னும் போகவில்லை. அதை அருகில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாம் தூத்துக்குடிக்குப் போனது 1929, மாசி மாதம். மார்கழி என்றே நீர் கடைசிவரை சொல்லிவந்தீர், அது பிழை. திருச்செந்தூரில் மாசித் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பும் வழி அது. உப்பளங்களைக் கடந்து கடற்கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மலையின் மேலிருந்து கீழ்நாட்டைப் பார்த்துப் பழகிய நீர், நம் கண்மட்டத்திலேயே உலகம் முடியாமல் விரிந்து கிடப்பதைக் கண்டு மணலில் அப்படியே நின்றுவிட்டீர். அப்போதுதான் எதிரே முயல் தீவில் விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு நேரம் தெரிந்தது, ஒரு மூச்சு நேரம் மறைந்தது, மீண்டும் தெரிந்தது.

நீர் என் தோளைப் பற்றினீர். "ஏனுங்கண்ணா, அங்க யாரோ தீ காட்டறாங்க. ஆரும் போகாம நிக்கறாங்களே?"

உம்மைக் குறை சொல்ல இயலாது. மலை விளிம்பில் இருட்டில் தீ அசைந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: ஆபத்து, ஆள் வாருங்கள். அதைக் கண்டால் உண்ட கையை உதறிவிட்டு மலையேறுவது எங்கள் வழக்கம். எனக்கும் கால் பரபரத்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

வலையை உதறிக்கொண்டிருந்த தோணிக்காரர் சிரித்தார். "மலையில இருந்து வந்த ஆளுவளா? அது கூப்பிடுத விளக்கு இல்லய்யா. பாறையும் திட்டும் கெடக்கு, கிட்ட வராதன்னு சொல்லுத விளக்கு."

மறுநாள் அவரே நம்மைத் தீவுக்கு அழைத்துப்போனார். விளக்கு எரியும் அந்த வெண்கோபுரத்தின் சுவரில் உள்ளங்கையைப் பதித்து நெடுநேரம் அண்ணாந்து நின்றீர். "வராதீங்கன்னு சொல்றதுக்கு இத்தன வெளிச்சமுங்களா!" என்றீர். திரும்பும் தோணியிலும் அதையே சொன்னீர். ஊர் திரும்பிச் சொன்னபோது வேறு எவருக்கும் அது விளங்கவில்லை. கடல் நம் இருவருக்கும் மட்டுமே உரியதாயிற்று.

சென்ற ஐப்பசி 12, விளக்கு வைக்கும் நேரம். மழை விட்டிருந்தது. உம் ஊர்ப் பக்கம் விளிம்புப் பாறையில் தீ தெரிந்தது. எங்கள் ஆட்கள் கயிறும் மூங்கிலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டனர். நான் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆள் கூப்பிடும்போது சுழற்றுவதுபோல் தீ சுழலவில்லை. ஒரு மூச்சு தெரிந்தது. ஒரு மூச்சு மறைந்தது.

ஓடிப்போய் மலைப்பாதையின் குறுக்கே நின்றேன்.

"வழி விடுங்க மாமா, கூப்பிடறாங்க," என்றான் என் மருமகன்.

"கூப்பிடல சாமி. வர வேண்டாங்கறாங்க."

"தீயி எப்பங்க அப்படிச் சொல்லிச்சு? வயசாயிருச்சு உங்களுக்கு."

நகராமல் நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவே. விடிந்ததும் மேல்வளைவில் ஒருவர் தொலைவில் நின்று கூவினார்: வாந்திபேதி, மேலே யாரும் வராதீர்கள். அதன்பின் மாலைதோறும் அந்த வெளிச்சம் தெரிந்தது. ஐப்பசி 18 அன்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் நோய் நுழையவில்லை. ஆயினும் மருமகன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். "கூவுனவரு வேண்டாம்னாரு, தீ காட்டுனவங்க மருந்து கேட்டிருந்தா?" என்று ஒரே ஒருமுறை கேட்டான். இந்த மூன்று மாதமும் நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காற்றில் அணைந்து எரிந்த தீயை நான் கடல் விளக்காக எண்ணிக்கொண்டேனோ?

இன்று உம் தம்பி சொன்னார்: "அண்ணன் தீக்கு முன்னால மொறத்தப் புடிக்கறதும் எடுக்கறதுமா நின்னாருங்க. ஏண்ணா, ஆள் வரட்டும்னு பந்தத்தச் சுத்தாம இதென்ன வெளயாட்டுன்னேன். கீழ ஒருத்தருக்கு வெளங்கும், அவரு பாத்துக்குவாருன்னாரு. மேலுக்கு முடியாமப் போயும் உக்காந்துகிட்டே புடிச்சாருங்க."

மருமகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்து முறத்தை வாங்கி, கரிந்த பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்தான். அன்று கோபுரத்தின் சுவரில் நீர் பதித்தது போலவே இருந்தது. "அந்தக் கடல் வெளக்க எனக்கும் காட்டுங்க மாமா," என்றான். மாசியில் புறப்படுகிறோம்.

உம் நடுகல்லின் அடியில் வைக்கும்படி இம்மடலை உம் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. முயல் தீவின் கரையில் நீர் பொறுக்கி என்னிடம் தந்த சங்கு.
2. கல்லின் முன் ஏற்றுவதற்குத் திரியும் ஒரு புட்டி இலுப்பை எண்ணெயும். விளக்கை எதனாலும் மறைக்க வேண்டாம். இனி நாங்கள் வரலாம்.

முறம் இணைக்கப்படவில்லை. அது என்னிடம் இருக்கும்.