எத்தனை மாசம் என்று கேட்டுவிடுவார்களாம்

சுற்றி வளைக்காமல் சொல்லுடா என்று என்னை அதட்டும் பரமேஸ்வரி அக்காவுக்கு,

ஆவணி ஏழு, சனிக்கிழமை, காலை பத்து இருபது. நீ கண் மூடி இருநூற்றுப் பதினொரு நாள்.

இன்று எங்கள் ஆய்வகத்தில் ஓர் எலியின் புற்றுக்கட்டிக்குள் மருந்து இறங்கியது. மருந்து சுமந்த மிகச் சிறிய குமிழ்களை இரத்தக்குழாயில் ஏற்றினோம். அவை கட்டியை அடைவது ஸ்கேன் திரையில் தெரிந்ததும், அந்த இடத்தில் மட்டும், காதுக்குக் கேட்காத ஸ்கேன் ஒலியைக் கூட்டினேன். குமிழ்கள் அதிர்ந்தன, குழாயின் சுவர் இளகியது, மருந்து உள்ளே போனது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உனக்கு ஏற்றிய மருந்து எங்கே போனது அக்கா? முடி கொட்டியது, வாயெல்லாம் புண். கட்டி மட்டும் அசையவில்லை. இந்தச் சிகிச்சை மனிதர்களுக்கு வர இன்னும் பல வருடம் ஆகும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் விஷயத்தில் தாமதித்தது விஞ்ஞானமா?

வயிறு வீங்கி ஐந்து மாதம் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டே துணிக்கடை வேலைக்குப் போனாய். "கல்யாணம் ஆவாத பொண்ணு ஸ்கேன் வாசல்ல உக்காந்துக்கினு இருந்தா திண்டிவனமே பேசும்டா" என்றாள் அம்மா. ஆய்வக வேலையோடு, நம் ஊர் ஸ்கேன் மெஷினைப் பழுது பார்த்தவனே நான்தான். மாதம் ஒருமுறை அந்த அறைக்குள் போய்வந்தேன். உன்னைக் கூட்டிப்போகத் துணிச்சல் இல்லை.

கடைசியில், தெரிந்த முகம் இருக்காது என்று விழுப்புரம் போனோம். பஸ்ஸிலேயே அம்மா உன் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினாள். நீ சிரித்தாய்: "கயிறு வந்துட்ச்சி, மாப்ள எந்த ஸ்டாப்புல ஏறுவாரும்மா?" கயிற்றைப் பார்த்த கவுன்ட்டர் பெண் உன்னைக் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார வைத்தாள். உண்மையைச் சொல்ல நான் எழுந்தேன். "உக்கார்றா. அப்டியே நெனச்சிக்கினு போவட்டும்" என்றாள் அம்மா. உட்கார்ந்துவிட்டேன். மகளுக்கு நோய் என்று தெரிவதைவிட, கயிறு கட்டிய மகள் கர்ப்பம் என்று முன்பின் தெரியாதவர்கள் நம்புவது அவளுக்கு நிம்மதியாக இருந்தது! இதற்கு எந்த மருந்தை ஏற்றுவது?

கைதட்டல் ஓய்வதற்குள் விழுப்புரம் பக்கத்துக் காணையிலிருந்து சித்தி போன் செய்தாள். சித்தி மகள் ரேவதிக்கு இரண்டு மாதமாக வயிறு வீக்கம். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டை மடித்து அரிசி டப்பாவில் வைத்திருக்கிறார்களாம்.

"இவ புருஷன் செத்து மூணு வருசம் ஆவுது. எத்தினி மாசம்னு எவளாவது கேட்டுட்டா நான் தூக்குலதான் தொங்கணும்" என்றாள் சித்தி. போனைப் பிடுங்கி ரேவதி கேட்டாள்: "ஜல்தியா வர்றியா, இல்ல நீயும் மெஷினோடவே பேசிக்கினு இருப்பியா?"

உனக்குச் செய்யாததை இன்று செய்வேன் அக்கா:

1. பதினோரு மணி பஸ்ஸில் விழுப்புரம், அங்கிருந்து காணை.
2. சித்தியிடம் அனுமதி கேட்க மாட்டேன். ரேவதியிடம் மட்டும் கேட்பேன்.
3. ஸ்கேன் சென்டரில் அவளை எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார வைப்பேன். யாராவது கேட்டால், "வயித்துல கட்டி இருக்கான்னு பாக்க வந்திருக்கோம்" என்று சத்தமாகச் சொல்வேன்.
4. ரிசல்ட் என்னவாக இருந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்வேன்.

இனி எவர் சொன்னாலும் உட்காராத
உன் தம்பி