பக்கத்து வீட்டுப் புகை

ஜூன் 4

காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்து கிடந்தது. என் கணவன் வலேரியோ சாலைப் பனி வாரும் வண்டியோடு போயிருக்கிறான், எப்போது வருவானோ. வீட்டில் நானும் பிள்ளை ராயெனும்தான். எங்கள் மலையூர் கொய்யாய்கே முழுக்கப் புகை, எதிர் மலையைக் காணோம். வானொலியில் இன்றும் எச்சரிக்கை: விறகடுப்பு மூட்டாதீர்கள். சொல்கிறவருக்கு என்ன? நாலு வயதுப் பிள்ளையை இந்த ஜூன் மாதக் குளிரில் எப்படி வைத்துக்கொள்வது? மூட்டினேன்.

ஜூன் 6

ராயெனுக்கு மறுபடி இழுப்பு. மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போகிறது. "புகை இல்லாத இடமா வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. இந்த ஊரில் புகை இல்லாத இடமா! சிரிப்பதா அழுவதா?

எல்லாம் பக்கத்து வீட்டு நெல்டாவால்தான். அவள் வாங்கியிருப்பது ஈர விறகு, அடுப்பில் வைத்தால் நுரை தள்ளுகிறது. நாங்கள் ஜனவரிக் கோடை வெயிலிலேயே வாங்கி அடுக்கிக் காயவைத்துவிட்டோம்.

ஜூன் 7

வேலியோரம் நின்று கேட்டேவிட்டேன்.

"நெல்டா, உன் வீட்டுப் புகையெல்லாம் என் பிள்ளை நெஞ்சுக்குள்ளதான் போவுது."

அவள் இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் தெற்கே மீன் பண்ணை வேலைக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை.

"புகை என்ன பேரெழுதிக்கிட்டா வருது? என் பிள்ளை வெறைச்சுப் போகட்டுங்கறியா?"

"காஞ்ச விறகா வாங்கறது!"

"சரிங்க மகாராணி. மே மாசம் குடிவந்தவ ஜனவரியிலேயே விறகு வாங்கியிருக்கணும். என் தப்புதான்."

நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அதை எழுத வேண்டாம்.

ஜூன் 8

பேச்சு இல்லை.

ஜூன் 11

காலையில் ராயெனின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஐயோ, என் கண்ணே — செருப்புகூட மாத்தாம தூக்கிக்கிட்டு ஓடினேன். முகமூடி மாட்டி மருந்து ஆவி கொடுத்தார்கள். நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். நெல்டா வீட்டு விலாசத்தைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன்.

மாலைக்குள் புகார் ஆபீசிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நெல்டா வீட்டுக்குள் போய்விட்டு என் கதவைத் தட்டினாள்.

"அம்மா, புகை உங்க வீட்ல இருந்துதான் வருது."

வெளியே ஓடினேன். என் புகைபோக்கிதான், பழுப்பும் கறுப்புமாகக் கக்கிக்கொண்டிருந்தது. காலையில் ஓடுகிற ஓட்டத்திலும் அடுப்பை விறகால் நிறைத்து, அதன் காற்றுக் கதவை இறுக மூடிவிட்டுப் போயிருக்கிறேன். நெருப்பு நெடுநேரம் தாங்கட்டும் என்று இங்கே எல்லோரும் செய்வதுதான். தினம் ராத்திரியும் அப்படித்தான் செய்கிறேன். காற்றில்லாமல் விறகு எரியாது, புழுங்கிப் புகையும். காய்ந்த விறகானால் என்ன!

"அந்த வீட்ல?" என்று கேட்டேன்.

"அவங்க நாலு நாளா அடுப்பே மூட்டலையாம். சின்ன கரண்ட் அடுப்பு ஒண்ண வச்சுக்கிட்டு ஒரே அறைல முடங்கிக் கெடக்காங்க. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சு முடியலைன்னாங்க."

நாலு நாள். நான் வேலியோரம் கத்தினேனே, அன்றிலிருந்து. என்ன பொம்பள நான்?

ஜூன் 12

ராயெனைத் தூக்கிக்கொண்டு போனேன். நெல்டா கதவைத் திறந்தாள்.

"புகார் சொன்னது நான்தான்."

"தெரியும். உனக்குப் போன் எதுக்கு? கத்தினாலே ஆபீசுக்குக் கேட்டிருக்கும்."

"அப்புறம் ஏன் கதவைத் திறந்தே?"

"உள்ள வந்து அழு. இருக்கற சூடும் வெளிய போவுது."

அவள் கைக்குழந்தையின் மூக்கு நுனி சில்லென்றிருந்தது. "எங்க வீட்டுக்கு வந்துடு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு போதும், காத்துக் கதவை நல்லாத் திறந்து வச்சு எரிப்போம்" என்றேன்.

"மறுபடி சண்டை போடுவியா?"

"போடுவேன்."

"அப்ப சரி, வரேன்."

ஜூன் 20

வலேரியோ வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். "நான் போறப்ப நாம மூணு பேர்தானே?"

காற்றுக் கதவு திறந்திருப்பதால் விறகு சீக்கிரம் தீர்கிறது என்று முணுமுணுத்தான். வெளியே கூட்டிப்போய்ப் புகைபோக்கியைக் காட்டினேன். புகையே தெரியவில்லை. கோடாலியை எடுத்தான். நெல்டாவின் ஈர விறகை எல்லாம் பிளந்து, அடுத்த குளிருக்கென்று எங்கள் கொட்டகையில் அடுக்கினான். ராத்திரி, அவள் வைத்த ஆட்டுக்கறிச் சாறு என்னுடையதைவிட ருசி என்று சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஜூன் 24

ராத்திரியில் நானும் நெல்டாவும் முறைவைத்து எழுந்து விறகு போடுகிறோம். அவள் முறையில் பாதி நாள் எழுவதில்லை. இன்று அதற்கும் ஒரு சண்டை.

ஜூலை 3

நேற்று ராத்திரி ராயென் ஒரு தடவைகூட இருமவில்லை. நான்தான் கண்ணை மூடவில்லை, இதோ வரும் இதோ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தேன்.

விடிந்ததும் சமையலறைக்குப் போனால், நெல்டா கண் சிவந்து மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் தூங்கலையா?"

"எப்படித் தூங்கறது? பிள்ளைகிட்ட சத்தமே காணோமே."